அறுபத்து நான்கு மூடிகள்

தோருன் நகரத்தில் ஹால்ஷ்காவைப் பற்றிப் பொதுவாகக் கேட்டால், டிராம் அலுவலகத்தில் நேர அட்டவணை போடுகிறவள் என்பார்கள். போர்டு கேம் ஆடுகிறவர்களிடம் கேட்டால் முகம் மாறும். "அவளா? அவ கண்ணுல பட்டா ஒரு ஸ்லோட்டி காசு கூட்டி விக்க முடியாதே" என்பார்கள். அதைக் கேட்டால் ஹால்ஷ்காவுக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

விஷயம் இதுதான். இந்த ஆட்டங்களில் பாதி கடைக்கே வருவதில்லை. செய்கிறவர் இணையத்தில் படம் போட்டுக் காட்டுவார், ஆயிரம் பேர் முன்பணம் கட்டுவார்கள், ஒன்றரை வருடம் கழித்துப் பெட்டி வீட்டுக்கு வரும். அதோடு கதவு சாத்தியாயிற்று. முன்பணம் கட்ட மறந்தவர்கள் அப்புறம்தான் மோப்பம் பிடித்துக்கொண்டு வருவார்கள். இரண்டு பெட்டி வாங்கி வைத்த புத்திசாலி அப்போதுதான் வாயைத் திறந்து விலை சொல்வான், கேட்கிறவனுக்குத் தலை சுற்றும்.

இது ஹால்ஷ்காவுக்கு அறவே ஆகாது. எர்னெஸ்ட் என்ற நண்பனைச் சேர்த்துக்கொண்டு 'நேர்விலை அலமாரி' என்று இணையத்தில் ஒரு குழு ஆரம்பித்தாள். ஆறு வருடத்தில் ஆறாயிரம் பேர் சேர்ந்தார்கள். விதிகள் மூன்றே மூன்று. கட்டிய முன்பணம் எவ்வளவோ, தபால் செலவு எவ்வளவோ, அதற்கு மேல் ஒரு காசு வைத்து விற்கக்கூடாது. இரண்டாவது, ரசீது காட்ட வேண்டும். விற்கிறவர் தன் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் கைப்பட எழுதி, பெட்டி மேல் வைத்துப் படம் எடுத்துப் போட வேண்டும். இல்லாத பெட்டியை விற்கிற மகானுபாவர்களும் உண்டு என்பதால் இந்த ஏற்பாடு. மூன்றாவது, ஆட்டத்தை உருவாக்கியவர் கையெழுத்துப் போட்ட பெட்டிக்கு உச்சவரம்பு கிடையாது.

இந்த மூன்றாவதை எழுதியதும் ஹால்ஷ்காதான். குழந்தைகள் மருத்துவமனைக்காக ஒருவர் கையெழுத்துப் போட்ட பெட்டியை ஏலம் விட வந்தார். அவரையும் இவள் முதல் விதியைக் காட்டி விரட்டிவிட்டாள். ஊரே சிரித்தது. மறுநாளே அந்த ஒரு வரியைச் சேர்த்தாள், அதோடு மறந்தும் போனாள். ஆறு வருடமாக அந்த வரியை யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தோப்ரோமிர் அதே ஊர்க்காரர். ஐம்பத்தெட்டு வயது, பள்ளியில் மரவேலை கற்றுக்கொடுத்தவர். ஹால்ஷ்கா வியாழன்தோறும் அவர் வீட்டில்தான் ஆடுவாள். அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆட்டம் செய்தார். பெயர் 'கீழ்த்தளம்'. உப்புச் சுரங்கத்தின் அடியில் நாலு பேர் மாட்டிக்கொள்கிறார்கள், கையிலிருக்கும் மர விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன, ஏறினால் எல்லாரும் சேர்ந்துதான் ஏற வேண்டும். தொள்ளாயிரம் பேர் முன்பணம் கட்டினார்கள். மூடியின் உட்புறத்தில் தோப்ரோமிர் இப்படி அச்சிட்டிருந்தார்: 'இந்த ஆட்டம் மறுபடி அச்சாகாது. நம்பிப் பணம் கட்டிய உங்களுக்காக மட்டும் செய்தது.' சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷர் என்பது ஊருக்கே தெரியும்.

தபாலில் உடைந்து போனால் மாற்றிக் கொடுக்க என்று கடைசியாக வந்த பெட்டிகளில் சிலவற்றை அவர் நிலவறையில் எடுத்து வைத்திருந்தார். அறுபத்து நான்கு. அந்தக் கடைசிச் சரக்கில் தொழிற்சாலைக்காரன் ஒரு கோளாறு பண்ணியிருந்தான். எட்டு விளக்கு இருக்க வேண்டிய பையில் ஏழுதான் இருக்கும். பெட்டியைத் திறந்தவர் எண்ணிப் பார்த்துவிட்டு உடனே தோப்ரோமிருக்கு எழுதுவார். அவரும் தன் சொந்தப் பெட்டியிலிருந்து விளக்குகளை எடுத்து அனுப்பி, அது தீர்ந்த பிறகு தானே மரத்தில் செதுக்கி அனுப்பினார். அவருடைய சொந்தப் பெட்டி இப்போது விளக்கே இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது.

நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. அரசு மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். நடக்கவும் பேசவும் திரும்பப் பழக்குகிற இடத்துக்கு அங்கே ஒரு வருட வரிசை. கடலோரத்தில் ஒரு தனியார் மையம் இருந்தது. எட்டு வாரம், நாற்பத்தாறாயிரம் ஸ்லோட்டி. முதல் ஆறு மாதத்துக்குள் கொண்டு போனால்தான் பலன், அப்புறம் போவது வீண் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மார்ச் கடைசித் திங்கட்கிழமைக்குள் முழுப் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

அவர் மனைவி லுத்மிளா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அழுது நேரத்தை வீணாக்குகிற பெண் இல்லை. நிலவறையிலிருந்த பெட்டிகளை விற்றுவிடலாம் என்று முடிவு பண்ணி, என்ன விலை வைப்பது என்று ஹால்ஷ்காவைத்தான் கேட்டாள். வெளியே ஏலத் தளங்களில் 'கீழ்த்தளம்' ஆயிரத்து நானூறுக்குப் போவது ஹால்ஷ்காவுக்குத் தெரியும். ஆனால் விதி விதிதானே. முன்பணம் இருநூற்றுத் தொண்ணூறு, தபால் இருபது, ஆக முந்நூற்றுப் பத்து என்றாள். அன்று எர்னெஸ்டும் பக்கத்தில் இருந்தான்.

"அண்ணனுக்கு வாய் வந்தா அவரும் முந்நூத்திப் பத்துன்னுதான் சொல்வாரு" என்றான் எர்னெஸ்ட்.

நாற்காலியிலிருந்த தோப்ரோமிர் இடது கையைத் தூக்கி ஆமாம் என்று காட்டினார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? லுத்மிளா பெட்டிகளைத் தூசி தட்டினாள், சீட்டு எழுதிப் படம் எடுத்துக் கொடுத்தாள். விற்பனையை எர்னெஸ்டே பார்த்துக்கொண்டான். அக்காவுக்கு டிராம் வேலை இருக்கிறது, யார் யார் வாங்குகிறார்கள் என்பதை நான் சரிபார்த்துக்கொள்கிறேன் என்றான். இரண்டே நாளில் அறுபத்து நான்கும் தீர்ந்தன. லுத்மிளா எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தெருமுனைப் பார்சல் பெட்டகத்தில் போட்டுவிட்டு வந்தாள். வாங்குகிறவர் தன் தெருப் பெட்டகத்தில் வந்து எடுத்துக்கொள்வார்; அப்படிப் போகிற பார்சலில் வீட்டு விலாசம் இருக்காது, கைபேசி எண் மட்டும்தான்.

பெட்டிகளில் வந்தது பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது. சேமிப்பையும், குழுவில் ஹால்ஷ்கா திரட்டிய நன்கொடையையும் சேர்த்தால் இன்னொரு பன்னிரண்டாயிரம். ஒரு பெட்டிக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டுகிற ஜனம் நன்கொடை என்றதும் பத்து ஸ்லோட்டியும் ஒரு சிவப்பு இதயப் படமும் போட்டுவிட்டு நகர்ந்தது. மீதிக்கு வழி தேடினார்கள்.

எர்னெஸ்ட் ஒவ்வொரு வியாழனும் ஆறரைக்கு ஹால்ஷ்காவைக் கூப்பிடுவான். அவன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறான். எந்த வயதில் எந்த நோய்க்காரர் எவ்வளவு நாள் தாங்குவார் என்று பார்த்துத் தவணை நிர்ணயிக்கிற வேலை. முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அண்ணன் எப்படி இருக்கிறார், பேச்சு வந்ததா, ரத்த அழுத்தம் எவ்வளவு, பணம் இன்னும் எவ்வளவு குறைகிறது என்றெல்லாம் பொறுமையாகக் கேட்பான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று ஹால்ஷ்கா உருகிப்போவாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொல்வாள்.

ஜனவரி போயிற்று. பிப்ரவரியும் பாதி போயிற்று. விஸ்துலா நதியில் பனிக்கட்டி விரிசல் விட ஆரம்பித்தது. அப்போதுதான் ஹால்ஷ்காவுக்கு ஒன்று உறுத்தத் தொடங்கியது.

யாரும் விளக்கு கேட்கவில்லை.

அறுபத்து நான்கு பெட்டி போயிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு குறைவு. புதுப் பெட்டி வந்தால் இந்தக் கூட்டம் சாப்பாட்டை ஆறவிட்டு அதைத்தான் பிரிக்கும். பிரிக்கும்போது படம், எண்ணும்போது படம், ஒரு மூலை நசுங்கியிருந்தால் ஏழு படம் போடும். ஒரு விளக்கு குறைந்தால் குழுவே இரண்டாகியிருக்க வேண்டும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. யாரும் ஆடியதாகத் தெரியவில்லை, விதி புரியவில்லை என்று ஒரு கேள்வி வரவில்லை. எதிர்பார்த்த புகார் வராமல் போனால் இப்படியும் பயம் வரும் என்பது ஹால்ஷ்காவுக்கு அதுவரை தெரியாது.

வியாழக்கிழமை எர்னெஸ்டிடம் சொன்னாள். எல்லாருக்கும் வேலை இருக்கும், வசந்தம் வந்தால் ஆடுவார்கள் என்றான். பிறகு, அண்ணனுக்குத் தூக்கம் எப்படி என்று கேட்டான்.

மார்ச் மூன்றாம் சனிக்கிழமை பகலில் ஹால்ஷ்கா கோழிச் சூப் எடுத்துக்கொண்டு தோப்ரோமிர் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நாளாக அட்டவணை மாற்றுகிற வேலையில் சனிக்கிழமைகளில் போக முடியாமல் இருந்தது. சூப்பைச் சூடு பண்ணச் சமையலறைக்குள் போனவள் ஜன்னலுக்குக் கீழே, அறையைச் சூடாக்கும் சூடேற்றியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

சூடேற்றி மேல் ஒரு துணி விரித்து, அதில் இரண்டு பெட்டி மூடிகளை மை காய வைத்திருந்தார்கள். 'கீழ்த்தளம்' மூடிகள். கறுப்புச் சுரங்கப் படத்தின் கீழ், வெள்ளி மையில், நடுங்கி நடுங்கி இழுத்த எழுத்தில் தோப்ரோமிரின் பெயர்.

"அதுவா?" என்றாள் லுத்மிளா. அவள் முகத்தில் பல நாளைக்கு அப்புறம் ஒரு வெளிச்சம். "எர்னெஸ்ட் சனிக்கிழமை சனிக்கிழமை கொண்டாருவான், வாங்கினவங்களோடதாம். இடது கைக்குப் பயிற்சியாம். வெறும் பேப்பர்ல கிறுக்கச் சொன்னா இவரு மாட்டேன்னு அடம் பிடிக்கிறாரு, சொந்த மூடின்னா ஆசையா போடுறாருல்ல? இதோட பதினொண்ணு ஆச்சு. தங்கமான பையன். மை காஞ்சதும் எடுத்துட்டுப் போக இப்ப வந்துருவான்."

ஹால்ஷ்கா கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாக அடுப்பில் வைத்தாள். மூன்றாவது விதி வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது. அவளே எழுதிய வரி. லுத்மிளாவிடம் எதுவும் சொல்லாமல், தலைவலி என்று ஏதோ உளறிவிட்டுக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எர்னெஸ்ட் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் ஒளிக்கவே இல்லை, அதுதான் அவளை முதலில் கலக்கியது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, எலுமிச்சை போட்டுத் தேநீர் கொடுத்தான். படுக்கையறைக் கதவு திறந்தே இருந்தது. கட்டிலைச் சுற்றி மூன்று பக்கமும் பெட்டிகள். ஒன்றில்கூட உள்ளிருக்கும் பைகளைப் பிரிக்கவில்லை. கையெழுத்துப் பெட்டிகளுக்கு மட்டும் தனியாகக் கண்ணாடித்தாள் உறை.

"அத்தனையும் நீதானா?"

"ஆபீஸ்ல சில பேரு, தம்பி முறைக்காரன் ரெண்டு பேரு, பேரு குடுத்தாங்க. பணம் என்னோடது. ஒவ்வொண்ணுக்கும் முந்நூத்திப் பத்து. ஒரு காசு குறைக்கலை அக்கா."

"அவரு கடலோரம் போறதுக்குப் பணம் தேடிக்கிட்டிருக்காங்கன்னு உனக்குத் தெரியும்."

"விலை சொன்னது நீங்க. நான் கேட்ட விலையைக் குடுத்தேன். எந்த விதியை மீறினேன், சொல்லுங்க."

ஹால்ஷ்கா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். வெளியே கையெழுத்துப் பெட்டி என்ன விலை போகிறது என்று கேட்டாள். இரண்டாயிரத்து அறுநூறு வரை கேட்டுவிட்டார்கள், ஆனால் தான் இன்னும் ஒன்றைக்கூட விற்கவில்லை என்றான். ஏன் என்று கேட்டாள். எர்னெஸ்ட் தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"ஆளு இருக்கிற வரைக்கும் ஒரு விலை. அப்புறம் வேற விலை. இதை நான் உண்டாக்கலை அக்கா. இது எல்லா இடத்துலயும் இருக்கறதுதான்."

அப்போதுதான் அந்த வியாழக்கிழமைகள் அத்தனையும் அவள் தலையில் வந்து விழுந்தன. ரத்த அழுத்தம் எவ்வளவு, தூக்கம் எப்படி, மருந்து மாற்றினார்களா? நாலு மாதமாக ஒரு மனுஷன் சாவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று இவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவளும் வாரம் தவறாமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"இதைக் குழுவுல எழுதறேன்" என்றாள்.

"எழுதுங்க. மூணாவது விதியையும் கீழே போட்டுருங்க, யாரு எழுதினதுன்னும் போடுங்க. அப்புறம் கையில பேனாவைக் குடுத்து, மூடியை நழுவாம பிடிச்சுக்கிட்டு, கையெழுத்து வாங்கினது லுத்மிளாக்கா. அவங்க பேரும் அதுல வரும்." மிரட்டுகிற தொனியே இல்லை. அவளுக்காகக் கவலைப்படுகிறவன் மாதிரிதான் சொன்னான். வாசல் வரை வந்து அவளுடைய கோட்டை எடுத்துக் கொடுத்தான்.

அந்த வாரம் முழுக்க ஹால்ஷ்கா பணத்துக்கு அலைந்தாள். வங்கியில் அவளுடைய வீட்டுக்கடனைக் காட்டிக் கைவிரித்தார்கள். தன் 'கீழ்த்தளத்தை' விற்கலாமா என்று பார்த்தாள். அது பிரித்து ஆடி, ஒருமுறை பீர் கொட்டி ஊறிப்போன பெட்டி. வியாழன் ஆறரைக்குக் கைபேசி அடித்தது. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போய் லுத்மிளாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லுத்மிளா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. கடைசிக் கிழங்கையும் சீவித் தண்ணீரில் போட்ட பிறகுதான் பேசினாள்.

"ஆயிரத்து நானூறுன்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"சொல்லியிருக்கலாம்ல?"

ஹால்ஷ்கா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து அறையில் நாற்காலி கிறீச்சிட்டது. கதவு திறந்திருந்தது. தோப்ரோமிர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் கண் ஹால்ஷ்கா மேல் இல்லை. அலமாரியில் விளக்கில்லாமல் கிடந்த தன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. பதினோரு மணிக்கு மணி அடித்தது. எர்னெஸ்ட் வழக்கம்போலக் கசகசா கேக்கோடு வந்திருந்தான், இன்னொரு கையில் மூடிகள் அடங்கிய பை. கதவைத் திறந்தது ஹால்ஷ்கா. அவளைப் பார்த்ததும் அவன் கொஞ்சமும் தயங்கவில்லை, காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் தோப்ரோமிர் இடது கையால் மேசையைத் தட்டினார். கொண்டு வா என்று அர்த்தம்.

லுத்மிளா மேசையை அவர் முன்னால் இழுத்துப் போட்டாள். எர்னெஸ்ட் ஒரு மூடியை வைத்து, வெள்ளிப் பேனாவைத் திறந்து கொடுத்தான். தோப்ரோமிர் குனிந்தார். மூச்சு இரைத்தது. பேனா மூடியில் பட்டு, நின்று, மறுபடி நகர்ந்தது. ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் கையை எடுத்தபோது மூடியில் பெயர் இல்லை. பெரிதாக, கோணல்மாணலாக, மூன்று எண்கள் மட்டும் இருந்தன. 310.

ஹால்ஷ்காவுக்கு அழுகை வந்தது. இத்தனை மாதத்தில் அந்த மனுஷர் பேசிய முதல் வார்த்தை அது. எர்னெஸ்டின் முகத்தைப் பார்த்தாள், அதில் வெட்கம் ஏறுகிறதா என்று. எர்னெஸ்ட் மூடியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து நிதானமாகப் பார்த்தான்.

"இது ஒண்ணுதான் இப்படி இருக்கும்" என்றான். "இதுக்கு என்ன விலைன்னு இனிமே எவனும் சொல்ல முடியாது."

மூடியை உறையில் போட்டுப் பைக்குள் வைத்தான். பிறகு லுத்மிளாவைப் பார்த்துத் திரும்பினான்.

"திங்கக்கிழமை கட்டணும்ல அக்கா? பதினாலாயிரத்து நூத்தி அறுபது குறையுது. இப்பவே கணக்குல போட்டுடறேன். மீதி அம்பத்திரண்டு மூடியையும் இன்னைக்கு முடிச்சுக் குடுத்துட்டா போதும். பையில இருக்கறது போக மிச்சத்தைக் கீழே வண்டியில வச்சிருக்கேன்."

அந்தத் தொகையைக் கடைசி ஸ்லோட்டி வரை அவனுக்குச் சொன்னது யார் என்று ஹால்ஷ்காவுக்குத் தெரியும். லுத்மிளாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹால்ஷ்கா வேண்டாம் என்றாள். இவனிடம் வாங்க வேண்டாம், திங்கட்கிழமைக்குள் எப்படியாவது தான் புரட்டித் தருகிறேன் என்றாள். எங்கிருந்து என்று லுத்மிளா கேட்டாள். தோப்ரோமிர் பேனாவை மேசையில் போட்டுவிட்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

லுத்மிளா அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"உன் நேர்மையெல்லாம் எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன். ஆனா உன்னைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போச்சு. நீ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நாலு மாசம் ஆச்சு. எனக்கு நீ நடந்தா போதும், பேசினா போதும். பேசி முதல்ல என்னைத் திட்டு, கேட்டுக்கறேன். இப்ப பேனாவை எடு."

அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு இடது கை மேசை மேல் தடவித் தடவிப் பேனாவைத் தேடியது.

எர்னெஸ்ட் கைபேசியில் பணத்தைப் போட்டான். லுத்மிளாவின் கைபேசி சின்னதாக ஒலித்தது. அவன் கீழே போய் இரண்டு நடையில் மூடிகளைக் கொண்டுவந்து அடுக்கினான். ஏற்கெனவே ஐம்பத்திரண்டு துண்டுச் சீட்டுகளும் எழுதி வைத்திருந்தான், இன்றைய தேதியோடு. எப்போது எழுதினானோ தெரியாது, மை நன்றாகக் காய்ந்திருந்தது.

முதல் மூடியில் பேனா பட்டதும் மூடி வழுக்கி நகர்ந்தது. ஒற்றைக் கைக்காரரால் அதைப் பிடித்துக்கொண்டே எழுத முடியாது. இத்தனை நாளும் லுத்மிளாதான் பிடித்துக்கொள்வாள். இன்று அவள் கணவனின் பின்னால் நின்று, அவர் சரிந்துவிடாமல் தோளைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"மூடியைப் பிடி, ஹால்ஷ்கா" என்றாள்.

ஹால்ஷ்கா வந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோப்ரோமிர் கையெழுத்துப் போட்டார். எர்னெஸ்ட் அதன் மேல் சீட்டை வைத்துப் படம் எடுத்தான், அடுத்ததை வைத்தான். அவள் அதையும் பிடித்துக்கொண்டாள். இருபதைத் தாண்டியதும் கை கொஞ்சம் பழகி, எழுத்து தெளிவாக வர ஆரம்பித்தது. அதைப் பார்த்து எர்னெஸ்ட் நெற்றியைச் சுருக்கினான். முன்னால் போட்டதுதான் பார்க்க நன்றாக இருந்தது என்று மெதுவாகச் சொன்னான்.

முடியும்போது மணி மூன்று. தோப்ரோமிர் நாற்காலியிலேயே கண்ணை மூடிவிட்டார். லுத்மிளா அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். கேக்கை யாரும் வெட்டவில்லை. எர்னெஸ்ட் மூடிகளை அடுக்கிப் பைகளில் வைத்துக்கொண்டு, வாசலில் குனிந்து காலணி நாடாவை முடிச்சுப் போட்டான். கதவைச் சாத்த வந்த ஹால்ஷ்காவின் விரலெல்லாம் வெள்ளி மை அப்பியிருந்தது.

"வியாழக்கிழமை கூப்பிடறேன் அக்கா" என்றான். "இந்தத் தடவை எடுங்க. அங்க அண்ணனுக்கு எப்படி இருக்குன்னு மட்டும் சொன்னா போதும்."